ஊருக்குப் போறோம்

"ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று யார் கேட்டாலும் எங்கள் அப்பாயி "முசிறி" என்பார். யோசிக்கவே மாட்டார். திருச்சி மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கும் அந்த ஊரை அவர் தம் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் பிறந்தது இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். வயசுக்கு வந்தது, வாழ்க்கைப்பட்டது, ஆறு பிள்ளை பெற்றது, அதில் இரண்டை மண்ணுக்குக் கொடுத்தது எல்லாம் அந்த லயத்தைச் சுற்றி நாலு மைலுக்குள்தான்.

ஊரைப் பற்றிப் பேசும்போது அப்பாயியின் பேச்செல்லாம் 'ஆம்' போட்டே முடியும். "நம்ம ஊரு ஆத்துல எந்நேரமும் தண்ணி ஓடுமாம், தம்பி. கரையெல்லாம் வாழையாம். கோயில் திருவிழான்னா கூட்டம் தாங்காதாம்." தோட்டத்தைப் பற்றிப் பேசினால் ஒரு 'ஆம்' வராது. எந்த மலையில் பனி முதலில் இறங்கும், எந்த ஓடையோரம் அட்டை அதிகம், கவ்வாத்து வெட்டிய பிறகு எந்தப் பக்கத்துச் செடி சீக்கிரம் துளிர்க்கும் எல்லாம் அவருக்குக் கண்ணால் கண்ட சங்கதி. கண்ணால் கண்ட இடத்துக்குப் பெயர் தோட்டம். காதால் கேட்ட இடத்துக்குப் பெயர் ஊர்.

சிறுவனாக இருந்தபோது இதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை. எங்கள் லயத்துக் கிழவிகள் எல்லோருக்குமே இப்படிக் கடல் தாண்டி ஓர் ஊர் இருந்தது. ஒருவருக்குத் துறையூர், ஒருவருக்கு நாமக்கல், இன்னொருவருக்குப் புதுக்கோட்டை. அறுபதை நெருங்கும் இந்த வயதில் திரும்பிப் பார்க்கும்போது ஒன்று தோன்றுகிறது. மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுக் கதையை, 'ஊர்' என்ற இந்தச் சொல் எங்கிருந்து எங்கே நகர்ந்து வந்தது என்பதைக் கொண்டே சொல்லிவிடலாம்.

பேர் போட்ட காலம்

1820களில் கண்டிப் பக்கத்து மலைகளில் வெள்ளைக்காரர் காப்பித் தோட்டம் போடத் தொடங்கினார்கள். 1823ஐ எங்கள் மக்கள் வந்த ஆண்டாகக் கணக்கு வைத்துத்தான் 2023இல் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தோம். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஆட்கள் தங்களைச் சேர்த்த கங்காணியின் பின்னால் கிளம்பினார்கள். இராமேசுவரக் கரையிலோ தொண்டியிலோ படகேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை அந்தந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். பின்னாளில் வந்தவர்களை, கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்ததாக எங்கள் கிழவர்கள் சொல்வார்கள்.

1869இல் காப்பி இலையில் துருநோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்தது. 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். காப்பி போன மலைகளிலெல்லாம் தேயிலை ஏறியது. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் ஆள் வந்து போனால் போதும். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். வந்து போய்க்கொண்டிருந்த மக்கள் குடும்பத்தோடு தங்கியது அப்படித்தான்.

தங்கியவர்களுக்குக் கிடைத்தது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு சின்னத் திண்ணை, மேலே தகரம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் மூன்றாம் வீட்டுக் கிழவி கஷாயம் வைப்பாள்.

துரைமாருக்கும் ஊர் ஏக்கம் இருந்திருக்கிறது. டன்கெல்ட், பிளேயர் அத்தோல், ஹோலிரூட் என்று தங்கள் ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர்களையே தோட்டங்களுக்கு வைத்தார்கள். அந்தப் பெயர்கள் நில அளவைப் படத்தில் ஏறின, தேயிலைப் பெட்டியில் ஏறின, இன்றைக்கும் பஸ்ஸின் நெற்றியில் இருக்கின்றன. எங்கள் ஆட்கள் கொண்டுவந்த ஊர்ப் பெயர்கள் எந்தப் படத்திலும் ஏறவில்லை. கிழவிகளின் நாக்கில் மட்டும் தங்கின.

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் நாள் சம்பளம். காலையில் தப்புச் சத்தம் கேட்டுப் பிரட்டுக்களத்தில் போய் நின்று, மலைக்குப் போய், குறித்த அளவு கொழுந்து எடுத்தால் செக்ரோல் ஏட்டில் அன்றைக்கு ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, முதுகில் கயிறு பதிந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. ஒரு மனுஷிக்கு அரைப்பேர். அந்தச் சொல்லின் கனம் புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. வேலை இருந்தால்தான் பேர். பேர் விழுந்தால்தான் காம்பரா. லயத்துக் காம்பரா எங்களுடையதாக ஒரு நாளும் இருந்ததில்லை. வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது, வேலை போனால் அதுவும் போகும்.

அந்தக் காலத்துத் தொழிலாளியின் வாழ்வை நிர்ணயித்த காகிதம் 'துண்டு'. ஒரு கங்காணியும் அவனுடைய ஆட்களும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், எவ்வளவு கடனைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. 1921இல் அதை ஒழித்தார்கள். அதுவரை எங்கள் ஆட்கள் எந்த இடத்தவர் என்று காட்டிய தாள், அவர்கள் எவ்வளவு கடன்பட்டவர்கள் என்று காட்டிய தாள்தான்.

சாமி முதலில் குடியேறியது

காகிதம் இப்படி இருக்க, மண்ணில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

ஊரிலிருந்து மாரியம்மனும் முனியாண்டியும் கூடவே வந்தார்கள். அதில் வியப்பில்லை, போகுமிடமெல்லாம் தமிழன் கொண்டுபோகும் தெய்வங்கள் அவை. ஆனால் தோட்டத்தில் புதிய சாமிகளும் பிறந்தன. கொழுந்து எடுக்கத் தொடங்குமுன் கும்பிடக் கொழுந்துச்சாமி. கத்தி வீசுமுன் கும்பிடக் கவ்வாத்துச்சாமி. தேயிலை இஸ்டோரில் சக்கரங்கள் சுழலும் இடத்தில், கையைக் காலைக் காக்க ரோதைமுனி. ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். முசிறியிலோ துறையூரிலோ போய் ரோதைமுனி கோயில் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்த முனிக்குப் பிறந்த இடம் எங்கள் மலைதான்.

கவ்வாத்துச்சாமிக்கு அப்பா கும்பிட்டது கண்ணில் நிற்கிறது. செடிகளுக்கு நடுவே ஒரு கல். அதில் மஞ்சள் தடவி, இரண்டு வாழைப்பழமும் ஒரு கட்டுச் சாம்பிராணியும் வைத்து, அன்றைக்கு வெட்டப் போகும் கத்திகளையெல்லாம் அந்தக் கல்லின் மேல் சாய்த்து வைப்பார்கள். கும்பிட்டு முடிந்ததும் அவரவர் கத்தியை அவரவர் எடுக்க வேண்டும். ஒருவர் கத்தியை இன்னொருவர் தொடக் கூடாது. நாற்பது கத்தியில் தன்னுடையதை அப்பா பிடியைப் பார்த்தே எடுப்பார்.

மாசி மாதத்தில் காமன் கூத்து வரும். கம்பம் நட்டு, மன்மதன் எரியும் நாள் வரை தோட்டமே அதில்தான் கிடக்கும். பகலில் கொழுந்து நிறுத்த கையோடு ராத்திரி ரதியாக வேஷம் கட்டி ஒப்பாரி வைத்த எங்கள் பக்கத்து வீட்டு மாமாவைப் பார்த்து, அவர் ஆண் என்று தெரிந்தும் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். எரிந்த மன்மதனுக்காக மட்டும் அவர்கள் அழவில்லை என்று இப்போது நினைக்கிறேன். தோட்டத்துச் சுடுகாட்டில் பெயர் வெட்டிய கல் இல்லாமல் கிடந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து வைத்த ஒப்பாரி அது.

தெய்வம் பிறந்தது, கூத்து பிறந்தது, பெற்ற பிள்ளையைப் புதைத்த மண் இருந்தது. இவ்வளவும் ஓரிடத்தில் இருந்தால் அதுதான் ஊர். எங்கள் மக்கள் அதை ஊர் என்று சொல்லத்தான் இல்லை. நமக்கு ஏன் அந்த வாய் வரவில்லை என்பதற்கான விடை, அடுத்து வந்த சட்டங்களில் இருக்கிறது.

ஒரு கடிதாசியில் வந்த ஊர்

1946 குடிசனக் கணக்கெடுப்பில் நாங்கள் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். 1947 தேர்தலில் எங்கள் அப்பாயி வாக்குப் போட்டார். சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தான் என்று காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றது சட்டம். பிரட்டுக்களத்தில் பேர் பதிந்த அளவுக்கு லயத்தில் பிறப்புப் பதியப்படாத மக்களிடம் கேட்ட கேள்வி அது. 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் பிரஜைகள் ஆனவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். அதே 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1952இல் சத்தியாக்கிரகம் இருந்து பார்த்தார்கள். அசையவில்லை.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் என்று எழுதப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கூடையில் கொழுந்தை நிறுப்பது போல மனிதர்களை நிறுத்தார்கள். ஒப்பந்தம் போடுமுன் எந்தப் பக்கம் போவது என்று அந்த மனிதர்களைக் கூட்டிவைத்துக் கேட்டவர்கள் இல்லை.

எங்கள் அப்பாயி இங்கே, அவருடைய தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, அங்கே என்று ஆனது. ஹட்டன் ஸ்டேசனில் தலைமன்னாருக்குப் போகும் கோச்சியை 'அழுகைக் கோச்சி' என்பார்கள். ஏறுகிறவர்களும் அழுவார்கள், ஏற்றி விட வந்தவர்களும் அழுவார்கள். என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா நின்றாராம். சின்னத் தாத்தா ஜன்னல் வழியே கை நீட்டி அப்பாயியின் கையைப் பிடித்தவர், கோச்சி நகர்ந்த பிறகும் விடாமல் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே போனாராம். அந்த 'ஆம்' என்னுடையது. எனக்கு ஞாபகம் இல்லை.

1980களில் போர் மூண்டு கப்பல் நிற்கும் வரை இப்படி நாலு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தமிழ்நாட்டு அரசுத் தாள்களில் அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவை அதற்கு முன்பு மிதித்ததே இல்லை. போகாத இடத்துக்கு எப்படித் திரும்ப முடியும்?

சின்னத் தாத்தாவுக்குக் கூடலூரில், தாயகம் திரும்பியோருக்காகவே அரசு ஏற்படுத்திய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. போன மறுவருஷம் செலவுக்குக் காசு சேர்த்துக்கொண்டு முசிறிக்குப் போயிருக்கிறார். பாட்டன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தெரிந்தவர் யாருமில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

இதையெல்லாம் எழுதி அவர் போட்ட கடிதாசியை வாசித்துக் காட்டியவன் நான். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். நீல நிற விமானத் தபால் தாள், ஓரமெல்லாம் நெருக்கி எழுதியிருந்தார். அங்கே தங்களைச் 'சிலோன்காரங்க' என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "ஊர்ல இப்ப மழை புடிச்சிருக்கும். பிள்ளைகளுக்குக் கம்பளி இருக்கா அக்கா?"

அப்பாயி கை காட்டி என்னை நிறுத்தினார்.

"எங்க மழைன்னு எழுதிருக்கான்?"

"ஊர்லன்னு எழுதிருக்காரு அப்பாயி."

"எந்த ஊர்ல?"

நான் மறுபடி வாசித்தேன். கம்பளி என்ற சொல் வந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. முசிறியில் கம்பளிக்கு வேலை இல்லை. தம்பி ஊர் என்று எழுதியது இந்த மலையை, இந்த லயத்தை. அப்பாயி ஒன்றும் பேசவில்லை. அந்தத் தாளை வாங்கி மடித்து மடியில் சொருகிக்கொண்டு, வெளியே மழையைப் பார்த்தபடி வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் 'ஊர்' என்ற சொல் இடம் மாறியது அந்தச் சாயங்காலத்தில்தான்.

தபால் வராத வாசல்

அந்தக் கடிதாசி எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்ததல்ல. லயத்துக் காம்பராவுக்கு விலாசம் கிடையாது. ஆள் பெயர், டிவிசன் பெயர், தோட்டத்தின் பெயர் என்று எழுதினால் தபால் தோட்டத்து ஆபீஸுக்கு வரும். அங்கே மேசையில் கிடக்கும். யாராவது போய்க் கேட்டால் கொடுப்பார்கள், அல்லது சம்பள நாளில் கொடுப்பார்கள். என் பெரியப்பா மகன் ஒருவன் உயர்தரப் பரீட்சை எழுதித் தேறி, அரசாங்க வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தான். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் அவன் கைக்கு வந்தபோது, நேர்முகம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவன் அந்த உறையைக் கிழிக்காமலே ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தபால் முத்திரையில் சரியான திகதி இருந்தது. நாட்டின் தபால் சரியான நேரத்துக்குத் தோட்டத்து வாசல் வரை வந்துவிட்டது. அந்த வாசலிலிருந்து எங்கள் லயத்துக்கு அரை மைல். அந்த அரை மைலில் அவன் வாழ்க்கை தங்கிவிட்டது.

எங்கள் மக்களுக்கும் நாட்டுக்கும் இடையில் அந்த அரை மைல் எல்லா விஷயத்திலும் இருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போயின. கை மாறியது, அரை மைல் மாறவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புக்குச் செலவழிக்க வழி இருக்கவில்லை. தோட்டம் தனியார் இடமாம். சபைக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்ய எங்கள் வாக்கு வேண்டும், லயத்துக்குப் போகும் பாதையைச் செப்பனிடச் சட்டம் இடம் கொடாது. 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

குடியுரிமையும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 1977இல் எங்கள் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொரு சட்டம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்து வருபவர்களும் அவர்களின் சந்ததியும் இலங்கைப் பிரஜைகள் என்றது 2003ஆம் ஆண்டுச் சட்டம். திகதியைப் பாருங்கள். எங்களைப் பங்கு போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்த அதே நாள். 'நாடற்றவர்' என்ற சொல் எங்கள் மேலிருந்து முற்றாக விழ 55 வருஷம் ஆனது. அப்பாயி அதற்கு ஐந்து வருஷம் முன்பே கண்ணை மூடிவிட்டார்.

ஏழு பேர்ச்

அப்பாவுக்கு 2018இல் வீடு கிடைத்தது. ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு. ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவில் பிறந்து, அதிலேயே எழுபது வருஷம் வாழ்ந்த மனிதர். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள் என்றும், 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தபோது மேலும் 10,000 வீடுகள் என்றும் அறிவித்தார்கள். உள்நாட்டுத் திட்டங்களும் உண்டு. ஆனாலும் இன்றைக்கும் எங்கள் மக்களில் பெரும்பாலான குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன. ஆகவே அப்பாவின் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது, கிடைக்காதவர்களையும் நினைத்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

வீடு குடிபோன மூன்றாம் மாதம் கரண்ட் பில் வந்தது. அப்பாவின் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு. வீட்டு இலக்கம். கிராமத்தின் பெயர். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். வாசித்துவிட்டு, "இதுல தோட்டத்துப் பேரே இல்லியே" என்றார். உண்மைதான். செக்ரோல், சம்பளத் துண்டு, ஆஸ்பத்திரிக் கொப்பி என்று அவருடைய வாழ்நாளில் அவர் பெயர் எழுதிய எந்தத் தாளிலும் தோட்டத்தின் பெயர் முன்னால் நின்றது. தோட்டத்தின் பெயர் இல்லாமல், அவர் பெயரும் அவர் வாசலும் மட்டும் எழுதிய முதல் தாள் அது. காசைக் கட்டிய பிறகும் அந்தப் பில்லை அவர் எறியவில்லை. அப்பாயியின் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

அடுத்த மழைக்கு அப்பா வாசலில் ஒரு ஆனைக்கொய்யாக் கன்று வைத்தார். லயத்தில் இருந்தவரை அவர் வாசலில் கொத்தமல்லி போட்டிருக்கிறார், பூச்செடி வைத்திருக்கிறார், மரம் வைத்ததே இல்லை. பலன் தர ஏழெட்டு வருஷம் எடுக்கும் மரத்தை, அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாத வாசலில் யார் வைப்பார்கள்? தேயிலை வைத்த கைக்கு மரம் வைக்கத் தெரியாதா? ஆயிரக்கணக்கான செடி வைத்த கை அது. தனக்கென்று வைத்தது அந்த ஒன்றுதான்.

எங்கள் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஓரிடத்தில் பிறந்துவிட்டால் மட்டும் அது சொந்த ஊராவதில்லை. அப்பாயி டிக்கோயாவில்தான் பிறந்தார். மூதாதையர் பிறந்த இடமும் சொந்த ஊராகிவிடுவதில்லை. சின்னத் தாத்தா முசிறி ஆற்றங்கரையில் அந்நியராக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார். உழைக்க முடியாமல் போன பிறகும் யாரும் எழுப்பிவிட முடியாத வாசல் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் ஊர் இருக்கிறது. கூடலூரில் சின்னத் தாத்தாவின் மக்களுக்கு வந்த சோதனையும் இதுவே. அங்கேயும் குடியிருப்பு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். கடல் தாண்டிப் போயும் அவர்களைப் பழைய லயத்து விதிதான் எதிர்கொண்டது. வீடு வேலையிலிருந்து பிரிந்து நிற்கும் அன்றைக்குத்தான் மனிதன் ஓரிடத்தில் வேர் பிடிக்கிறான்.

இன்னும் ஒரு தாள் பாக்கி. காணி உறுதி. அப்பாவிடம் வீடு கையளித்ததற்கான கடிதம் இருக்கிறது, உறுதி இல்லை. இவரைப் போல ஏராளமான குடும்பங்கள் சாவியை வாங்கிக்கொண்டு உறுதிக்குக் காத்திருக்கின்றன. துண்டில் தொடங்கிய எங்கள் காகிதக் கதை உறுதியில் முடிய வேண்டும். அதைக் கொடுப்பது யாரும் எங்களுக்குச் செய்யும் தயவில்லை. இருநூறு வருஷக் கூலியில் நிற்கும் பாக்கி அது.

கைவிட்டு வந்தவை

புதிய வீட்டில் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. முதல் ஒரு மாதம் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வார். "சத்தமே இல்ல. யாரு இருக்கா இல்லன்னே தெரியல" என்பார். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவார்கள், யாரோ பிள்ளையை அதட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்குள்தான் அவர் அறுபது வருஷம் தூங்கினார். பீலிக்கரையில் தண்ணீருக்கு நிற்கும்போது ஊர்ப் பாடு முழுக்கப் பேசி முடியும். இப்போது குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. வந்தது நல்லது, தண்ணீர்க் குடம் சுமந்து இடுப்பொடிந்த பெண்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டுக் கிழவி இரண்டு நாள் காய்ச்சலாகக் கிடந்தது மூன்றாம் நாள்தான் தெரிந்தது என்று அம்மா வருந்தியபோது எனக்கும் சுருக்கென்றது. லயத்தின் இல்லாமையை விட்டுவிட்டு வர வேண்டும். அதன் ஒட்டுறவைக் கையோடு கொண்டுவர வேண்டும். அதை எந்தத் திட்டமும் கட்டித் தராது, நாமேதான் கட்ட வேண்டும்.

காமன் கூத்து இப்போது சில தோட்டங்களில்தான் நடக்கிறது. ரதி வேஷம் கட்டப் பையன்கள் இல்லை. அவர்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கிறார்கள், பெண் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கிறார்கள், பலர் வளைகுடா நாடுகளில். அரைப்பேர் போட்ட தாயின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் தாதிகளாகவும் சட்டத்தரணிகளாகவும் ஆகிவிட்டார்கள். எங்கள் பாட்டிகள் 'தோட்டத்தாள்' என்று கூசியதுண்டு. இந்தப் பிள்ளைகள் 'மலையகத் தமிழர்' என்று தலை நிமிர்ந்து எழுதுகிறார்கள். 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து கிளம்பி, பாட்டன் பூட்டன் நடந்த திசையிலேயே மாத்தளை வரை நடந்து போன கூட்டத்தில் இவர்கள் இருந்தார்கள். அன்றைக்கு நடந்தவர்கள் கங்காணிக்குப் பின்னால், ஊரை விட்டு நடந்தார்கள். இவர்கள் தங்கள் விருப்பத்தில், ஊரை நோக்கி நடந்தார்கள்.

புறக்கோட்டையில் ஓர் இரவு

போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு நான் கொழும்பில் இருந்தேன். ஹட்டன் பஸ் பிடிக்கப் புறக்கோட்டைக்குப் போனால் கால் வைக்க இடமில்லை. எங்கும் எங்கள் பிள்ளைகள். கையில் புதுத்துணிப் பைகள், அப்பம்மாவுக்குச் சால்வை, தம்பிக்குச் சப்பாத்து, நசுங்காமல் நெஞ்சோடு அணைத்த இனிப்புப் பெட்டி. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று நடத்துநர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்றாகியும் வரிசை குறையவில்லை. ஒருவர் முகத்திலும் சலிப்பைக் காணவில்லை.

எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். கைபேசியில் யாரோ கூப்பிட்டார்கள். இரைச்சலில் கேட்காமல், காதைப் பொத்திக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "பஸ்ஸுக்கு நிக்கிறேன் அக்கா. ஊருக்குப் போறோம்."

முன்னும் பின்னும் அதே சொல்தான். ஊருக்குப் போறேன். ஊருக்குப் போறோம். ஊருக்குப் போய்ட்டு வந்து பேசுறேன். யாரும் அதை யோசித்துச் சொல்லவில்லை. அவர்களில் யாருக்கும் முசிறி தெரியாது, துறையூர் தெரியாது. கடல் தாண்டிப் போய், கூடலூரிலிருந்து நீலத் தாளில் எழுதி அனுப்பிய ஒருவரிடம் முதலில் கேட்ட சொல், இப்போது ஆயிரம் வாயில் சர்வ சாதாரணமாகப் புழங்கிக்கொண்டிருந்தது.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். விடிவதற்குள் கினிகத்தேனைத் தாண்டும்போது குளிர் உள்ளே வந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பையன் கண்ணைத் திறக்காமலே சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டான். அந்தக் குளிரை அவன் உடம்புக்குத் தெரியும். அப்பாவின் வாசலில் ஆனைக்கொய்யா அந்த வருஷம்தான் முதல் முதலாகப் பூத்திருந்தது.